பக்கத்து ஸ்டூல்

அங்ஙனயே நில்லுங்க டாக்டரய்யா. உக்காரச் சொல்ல மாட்டேன். பிள்ளைய அனுப்பவும் மாட்டேன். செல்வமேரிக்குப் பதினொரு வயசு, ஊசியில நூலு கோக்கா, போர்டுல எழுதுனத வாசிக்கா. அவ கண்ணுக்கு ஒண்ணும் இல்ல.

அப்பனுக்கு இருந்தா பிள்ளைக்கும் வருமா? நல்லா இருக்கு. அவுகள அடக்கம் பண்ணி மூணு மாசம் ஆச்சு. சர்ச்சுச் சாமியார் சொல்லித்தான் ஒங்களுக்குத் தெரியுமாக்கும்.

ஆமா, அவுகளும்தான் நூலு கோத்தாக. நேரா பாத்தா எல்லாந் தெரியும். தறியில ஒத்த இழை அறுந்தாலும் கண்டுபிடிப்பாக. அதுக்கு இப்பம் என்ன?

இந்த ஊருல டிராம் வண்டிய நிறுத்துன வருசம் கோயில்ல பூசை முடிஞ்சதும் வந்து நின்னது நீங்கதானே? கண்ணப் பத்தி ஆராய்ச்சி, ஒரு மணி நேரம் வந்தாப் போதும்னிய. மாட்டுங்காப் பக்கத்துப் படிச்சவுக பேச்சா இருந்தாலும் தமிழுதானேன்னு நம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தோம். வந்ததும் மொதல்ல என்ன கேட்டிய? எந்த மில்லு, எந்த ஷிப்டு. கேட்டு எழுதிட்டு, மில்லுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னா யாரு நம்புவா? அடுத்த கோலி வீட்டுல இருக்க ஆபிரகாம் அண்ணன் கண்ணையும் இப்படித்தான் ஒருத்தரு பாத்து எழுதுனாரு. மறுநாளு அண்ணன மில்லு கேட்டுக்குள்ள விடல, வேல போச்சு.

சரி, அத விடுங்க. தாடைய ஸ்டாண்டுல வைக்கச் சொன்னிய. ஒரு கண்ண மூடிட்டு, வளைஞ்ச தகட்டுக்கு நடுவுல இருக்க புள்ளியவே பாக்கணும், கண்ணு அசையக் கூடாது. ஓரத்துலருந்து ஒரு வெள்ளப் பாசிமணி நகந்து வரும், தெரிஞ்ச ஒடனே ம்னு சொல்லணும். அவுக ஒவ்வொரு தடவையும் சொன்னாகளா இல்லையா? ரெண்டு கண்ணுக்கும் ஓரப்பார்வை முழுசுன்னு வட்டம் போட்டுக் காட்டுனியல்லா?

அப்புறம் லைட்ட அடிச்சு உள்ள பாத்திய. கண்ணுக்குள்ள ஓரமெல்லாம் கறுப்பு கறுப்பாக் கெடக்கு, பார்வையில மட்டும் கொறையே இல்லன்னு இன்னொரு டாக்டரக் கூப்பிட்டு அதிசயமாக் காட்டுனிய. கறுப்பு இருக்குன்னு தெரிஞ்சும் எதுக்கு விட்டிய? திரும்பக் கூப்பிட்டு ஒரு கடுதாசி போட்டியளா?

போட்டிய. ரெண்டு வந்துச்சு. நான்தான் அடுப்புல போட்டேன்.

மாஹிம் பக்கம் ரயில் லைனத் தாண்டித்தான் டெய்லி மில்லுக்குப் போவாக. இடது பக்கமா லோக்கல் ரயிலு வந்துருக்கு. காது கேக்காதான்னு போலீஸ்காரன் கேக்கான். காது நல்லாக் கேக்கும். ஹாரன் கேட்டு நின்னாகளாம். எந்தப் பக்கம்னு தெரியாம தண்டவாளத்து நடுவுலயே நின்னாகளாம்.

ஒங்களப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. அத்தன படிச்ச ஆளு, ஓரக்கண்ணு ஆராய்ச்சி பண்ணுத ஆளு, எதுத்தாப்புல தகட்டு ஓட்டை வழியா அவுக கண்ணையே பாத்துக்கிட்டு இருந்தியளே. ஒரே ஒரு தடவ மேசைக்கு அடியில குனிஞ்சு பாத்திருக்கலாம்லா?

என்னத்தப் பாக்கவா? இருங்க, பிள்ள வாரா. இங்ஙன வாசல்ல நின்னு பாருங்க. அந்தத் தண்ணிக் குடத்துல இடிக்காம வாராளான்னு.

பாத்தியளா. நேத்தும் இதே குடத்துலதான் இடிச்சா.

ஞாயித்துக்கிழம கூட்டியாரேன். பூசை முடிஞ்சதும் வந்துருதேன். நான் உள்ள வர மாட்டேன், என்ன வெளிய வராந்தாவுல இருத்திட்டுக் கதவச் சாத்திருங்க. அன்னைக்கு அவுக பக்கத்து ஸ்டூலுல இருந்தேன்லா. ஒங்க பாசி தகட்டுல எறங்குறப்பல்லாம் மேசைக்கு அடியில என் கால் பெருவெரலால அவுக கால அமுக்குனேன். அமுக்குனா ம்னு சொல்லுவாக.

பக்கத்துல இருந்தா பிள்ளைக்கும் அமுக்கிருவேன், டாக்டரய்யா.