இருபத்தொன்பது கோப்பைகள்

பெயர் சுலிஸ்தியோ, வயது நாற்பத்து மூன்று, மலாங் நகரில் சந்தைக்குப் பின்புறத் தெருவில் குடியிருக்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராகப் பதினேழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

நேற்று எங்கள் பள்ளி மாணவர் குழு எரிமலை வாயையும் அடிவாரத்துக் காப்பித் தோட்டத்தையும் பார்க்கப் புறப்பட்டது. மாணவர் இருபத்தெட்டுப் பேர், ஆசிரியர் இருவர், ஆக முப்பது. காலையில் உடன் வரவேண்டிய ஆசிரியை காய்ச்சல் என்று வரவில்லை. தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு நான் ஒருவனே அழைத்துப் போனேன். பேருந்தில் எல்லோருக்கும் ஒரு விதி சொன்னேன். யாராவது பிரிந்துவிட்டால் தேடிக்கொண்டு நடக்கக் கூடாது, இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், நான் தலைகளை எண்ணிப் பார்த்துத் திரும்பி வருவேன் என்றேன்.

எட்டரை மணிக்கு மலை வாசலை அடைந்தோம். அங்கே எங்களுக்கு அமர்த்தப்பட்ட வழிகாட்டி பர்னோ, தன்னைச் சேர்க்காமல் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒற்றைப்படையாக மலையேறக் கூடாது என்று மறித்தார். நான் சிரித்தேன், பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை, வழியையும் விடவில்லை. தோட்டத்தில் பழம் பறிக்கும் துமினி என்ற பெண் மதிய வேலைக்குப் போக அங்கே வண்டிக்காகக் காத்திருந்தார். அவரும் எங்களோடு ஏறி இறங்கட்டும், பிறகு எங்கள் பேருந்திலேயே தோட்டத்துக்குப் போகட்டும் என்று பர்னோ சொன்னார். நேரம் ஆகிறதே என்று சம்மதித்தேன்.

அதன் பின்னர் தூறல் விழுந்ததால் வாசலில் கொடுத்த நீல மழைச்சட்டையையும் முகமூடியையும் துமினி உட்பட எல்லோரும் அணிந்துகொண்டு ஏறினோம். விளிம்பில் கந்தகப் புகை திடீரென்று எங்கள் பக்கம் திரும்பியது. கண் எரிந்தது. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. உடனே எல்லோரையும் இறங்கச் சொன்னேன். பர்னோ முன்னால் இறங்கினார், கடைசியாக வர வேண்டியவன் நான். ஆனால் நான் நடுவில் வந்துவிட்டேன்.

பதினொரு மணிக்குப் பேருந்தில் ஏறி, இருக்கை இருக்கையாகத் தலைகளை எண்ணினேன். இருபத்தெட்டு, என்னோடு இருபத்தொன்பது. கையிலிருந்த பட்டியலிலும் இருபத்தொன்பது. அப்போது பர்னோ கதவருகே வந்து கேட்டார்.

"முப்பது இருக்காங்களா, பாக் குரு?"

"கணக்கு வாத்தியாருக்கே எண்ணிக்கை சொல்லித் தர்றீங்களா?" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் விலகிக்கொண்டார். எண்ணிக்கை சரி, வண்டியை எடுங்கள் என்று ஓட்டுநரிடம் கத்திச் சொன்னது நான்தான்.

பேருந்தில் இல்லாதவள் லாராஸ் என்ற மாணவி, வயது பதினாறு. பள்ளியில் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது. அவள் இருக்கையில் துமினி முகமூடியைக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தார். அருகிலிருந்த மாணவி, லாராஸை நான் முன்னால் உட்கார வைத்திருப்பேன் என்று நினைத்ததாகச் சொல்கிறாள். வேறு யாரும் அவளைத் தேடவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தோட்டத்தை அடைந்தோம். பழம் உலர்த்தும் களத்தையும் வறுக்கும் கொட்டகையையும் சுற்றிக் காட்டினார்கள். பிள்ளைகள் பழத்தைப் பிதுக்கி ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள், நான் அதட்டினேன். அதன் பின்னர் நீள மேசையில் உட்கார வைத்தார்கள். காலையில் கிளம்பும்போது நான் அனுப்பிய எண்ணிக்கைப்படி இருபத்தொன்பது கோப்பைகளில் காப்பி ஊற்றியிருந்தார்கள். வேலை உடைக்கு மாறியிருந்த துமினியே தட்டை ஏந்தி ஒவ்வொருவருக்கும் வைத்துக்கொண்டு வந்தார். மேசையின் கோடியில் நின்றார். தட்டில் ஒரு கோப்பை இருந்தது.

"பாக் குரு, ஒண்ணு மீதி இருக்கே. யாருக்கு வைக்கல?"

அப்போது மணி பன்னிரண்டு நாற்பது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். லாராஸ் என்றபோது பதில் இல்லை.

அதன் பின்னர் பிள்ளைகளைத் துமினியிடம் ஒப்படைத்துவிட்டு, பர்னோவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, தோட்டத்து ஜீப்பில் மலைக்குத் திரும்பினேன். வழியெல்லாம் அவள் பெற்றோரிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒரு வாக்கியமும் முடியவில்லை. புகை பாதிப் பாதை வரை இறங்கியிருந்தது. ஓடி ஏறினேன். இரண்டு மணியளவில் எதிரே பர்னோ அவளை முதுகில் சுமந்துகொண்டு இறங்கி வந்தார். தன் முகமூடியை அவளுக்குப் போட்டிருந்தார். அவர் முகத்தில் ஈரத்துணி மட்டும் இருந்தது.

வாந்தி வந்ததால் விளிம்பிலுள்ள கந்தகத் தொழிலாளர் குடிசைக்குப் பின்னால் ஒதுங்கியதாகவும், திரும்பியபோது யாரும் இல்லை என்றும் லாராஸ் சொன்னாள். பாதை தெரிந்ததா என்று கேட்டேன். தெரிந்தது என்றாள். ஏன் இறங்கி வரவில்லை என்றேன்.

"எண்ணிப் பாத்துட்டு வந்துருவேன்னு சொன்னீங்களே, பாக். அதான் அங்கேயே உக்காந்திருந்தேன்."

அவள் இப்போது மருத்துவமனையில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறாள். நுரையீரலைப் பற்றி இரண்டு நாள் கழித்தே சொல்ல முடியும் என்கிறார்கள். மூடநம்பிக்கையால் வேற்றாளைக் குழுவில் சேர்த்து எண்ணிக்கையைக் குழப்பினார் என்று பர்னோ மேல் புகார் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அவர் நேற்றிலிருந்து இந்தக் காவல் நிலையத்து வாசல் பெஞ்சில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் எண்ணியது முப்பது. அது சரியான எண். இருபத்தொன்பது என்று எண்ணியவன் நான்.

இந்த வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. எண்களை மட்டும் மறுமுறை படிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கின்றன, உண்மை.

(ஒப்பம்) சுலிஸ்தியோ