அண்ணையின்ரை மூச்சு

பயப்பிடாதையும் பிள்ளை, உவர் உப்பிடித்தான் கத்துவார். உவர் என்ரை மருமோன், றயன். அண்ணையின்ரை மோன். கனடாவிலையிருந்து போன கிழமை வந்தவர். வந்து இறங்கின நேரத்திலையிருந்து டொக்டர்மாருக்குப் படிப்பிக்கிறார். தேப்பனை இண்டைக்கே தனி அறைக்கு மாத்தட்டாம், ஏசி வேணுமாம்.

இதிலை இரும். உள்ளுக்கை உம்மடை ஆர்? அம்மாவோ? ம்... எனக்கு அண்ணை. நோர்மன் மாஸ்ரர். பருத்தித்துறையிலை எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஆக்களுக்கு அவரே சொல்லுவார்.

சுவாசப்பை பழுது. வேறையென்ன, சிகரெட்தான். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுற மனுசனுக்கு ஆர் புத்தி சொல்லுறது? அதுக்குமேலை நிமோனியாவும் வந்து, மூச்சு இழுத்து, குழாய் போட்டு மெசினிலை விட்டினம்.

எனக்கு டொக்டர் பிரதீபாதான் விளங்கப்படுத்தினவ. மூச்சு ஒழுங்கா வெளியிலை போகாட்டி அந்தக் காபனீரொட்சைட்டு உள்ளுக்கை தங்கி, ரத்தத்திலை அசிட் கூடுமாம். கிட்னிதான் அந்த அசிட்டை மூத்திரத்தோடை கழிச்சு, காரத்தைப் பிடிச்சு வைச்சுச் சமன் பண்ணுமாம். உடனை ஏலாதாம், நாள் எடுக்குமாம். அண்ணைக்கு அது வருசக்கணக்கா நடந்திருக்கு. அந்தாள் ஊதித் தள்ளித் தள்ள, கிட்னி இருந்து சமாளிச்சிருக்கு.

உவர் றயன் விட்டாரோ? ரிப்போட்டைப் பாத்துப்போட்டு, காபனீரொட்சைட்டு கூடக் கிடக்கு, மெசினைக் கூட்டு, இப்பவே நோர்மலாக்கு எண்டு நிண்டார். கூகிளிலை பாத்தவராம். அந்த டொக்டர்ப் பிள்ளை பொறுமையாச் சொன்னது: ஐயா, கிட்னி அந்தக் கூடின அளவுக்கு ஏத்தமாதிரிக் காரத்தைச் சேர்த்து வைச்சிருக்கு. நாங்கள் ஒரேயடியா மூச்சைக் கூட்டினால் கிட்னி அந்தக் கெதியிலை அதை இறக்காது. ரத்தம் மற்றப் பக்கம் சரிஞ்சு, வலிப்பும் வரும், இருதயமும் குழம்பும். மெல்ல மெல்லத்தான் செய்யவேணும்.

உம்மை விடப் பெரிய ஆள் ஒருத்தரும் இல்லையோ எண்டு கேட்டார். வெக்கமில்லாத கேள்வி! நான் சொன்னன், பிள்ளை, நீர் உம்மடை பாட்டிலை செய்யும் எண்டு. மருமோன் என்ரை பக்கம் திரும்பி, மாமி, உங்களுக்கு உது விளங்காது, சும்மா இருங்கோ எண்டார். நான் ஏன் கதைக்கப்போறன்.

ஓம், இப்ப சுகம். காலமை குழாய் கழட்டியாச்சு. போய்ப் பாத்தன். குரல் வரேல்லை, அதுக்குள்ளை மோனுக்குச் சொல்லுறார், பாத்தியோ, உது பழைய காலத்து உடம்பு, இரும்பு எண்டு. மோனும் அழுதழுது ஓமெண்டு தலையாட்டுது.

பிரதீபா என்னைப் பாத்தா. அவ அண்ணையின்ரை வயித்திலை கிடக்கிற வெட்டின அடையாளத்தைக் கண்டு என்னட்டை விசாரிச்சவ. அது வெட்டேக்கை றயன் சின்னப்பொடியன், ஏதோ ஒப்பிரேசன் எண்டுதான் தெரியும். தேப்பன் ஏன் சொல்லப்போறார்? சுகமாகி வந்து சேர்ச்சிலை சாட்சி சொல்லேக்கையே கர்த்தருக்கும் கொழும்பு டொக்டர்மாருக்கும்தான் நன்றி சொன்னவர். நான் கடைசி வாங்கிலை இருந்தனான், நிமிந்து இருக்கேலாமல் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு. வெளியிலை வந்தால், மதிலடியிலை நிண்டு சிகரெட் பத்துறார்.

என்ரை இடப் பக்கத்துக் கிட்னி பிள்ளை அது.

அங்கை, உம்மடை அம்மான்ரை பேரைக் கூப்பிடினம். போம், போம்.