ஊருக்குப் புதுசு

— ஃபேனை நிறுத்தட்டா மாமி? ஃபோன்ல காத்து சத்தம் ஏறிக்கும்.

— இருக்கட்டும்டி, இன்னும் ரெகார்டிங்கே ஆரம்பிக்கலையே. ரேடியோ ஸ்டேஷன்லேந்து ஆட்டோல வந்து உன் மூணு மாடி ஏறினதுல மூச்சு வாங்கறது. நீ முதல்ல உக்காரு, நஸ்ருன்னிசா. சாப்டியா?

— நாத்தனார் சோறு வெச்சா. துன்னேன்னுதான் நெனைக்கிறேன். தட்டு காலியா கீது.

— நீ அழுதுண்டிருப்பியோன்னு பயந்துண்டே வந்தேன்.

— அழுகையே வர்ல மாமி. அவரு மவுத்தாகி முப்பத்தெட்டு நாளாச்சு. வர்றவங்கல்லாம் அழுதுடு, அழுதுடுன்றாங்க. கால் மரத்துப் போனா கிள்ளிப் பாப்போம்ல, அந்த மாதிரி கீது. உடம்பு பூரா.

— பாஷா பாயும் நீயும் பேசற அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் எங்க ரேடியோவைப் பாதிப் பேர் கேக்கறதே. நீ ஒண்ணும் தெரியாதவளாட்டம் கேள்வி கேப்ப, அவர் பதில் சொல்லுவார்.

— தெரியாதவளாட்டம் இன்னா மாமி? கர்னூல்லேந்து கட்டிக்கினு வந்தப்ப நெஜமாவே எனக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணி லாரி வந்துச்சா, எல்லாரும் குடத்தத் தூக்கினு கத்திக்கினே ஓடுறாங்க. நான் இன்னாவோ கலாட்டான்னு கதவ சாத்திக்கினேன். அவரு வந்து வுழுந்து வுழுந்து சிரிச்சாரு.

— அதையும்தான் நிகழ்ச்சில சொன்னேளே. கேட்டுட்டு ஒரு மணிப்பூர் பொண்ணு ஃபோன் பண்ணித்து, நானும் அப்படித்தான் கதவைச் சாத்திண்டேன்னு.

— பார்லர்ல வேல பாக்குதே, அதுதான். இப்ப கீழ் வூட்டு ஸ்ரீலக்ஷ்மி அம்மா அந்தப் பொண்ணுகிட்டதான் போறாங்க. எங்க வூட்டுக் கறி வாசனைக்கு ஜன்னல சாத்துன அம்மா மாமி அவங்க. ரெண்டு வருசமா புதன்கிழமை பதினோரு மணி ஆச்சுன்னா தெருவுக்கே கேக்குற மாதிரி ரேடியோவ வெக்கிறாங்க.

— அந்தப் புதன்கிழமை சமாசாரமாத்தான் வந்தேன். போன வாரம் நடந்தது மகா தப்பு. எந்த மூஞ்சியை வெச்சுண்டு உன்னைப் பாக்கறதுன்னே தெரியலை.

— சொல்லுங்க.

— இனிமே தனியாப் பேசி அனுப்பறேன்னு நீ சொன்ன. செவ்வாக்கிழமை உன் ஃபோன்லேந்து வந்துடுத்துன்னு, ஸ்டேஷன்ல ரெகார்டிங் போடற பொண்ணு ஆயத்து சொன்னா. நானும் நிம்மதியா இருந்துட்டேன். மறுநாள் பாத்தா, பாயோட பழைய ரெகார்டிங் ஓடறது! 'ஊருக்குப் புதுசா? இன்னிக்கு நாலு மணிக்கு லஸ்ல நம்ம தையல் மிஷின் கடைக்கு வா நைனா, டீ சாப்ட்டுகினே பேசலாம்'ங்கறார்.

— யாராச்சும் வந்தாங்களா மாமி?

— ஒம்போது பேர். பூட்டின ஷட்டருக்கு முன்னாடி நின்னுண்டிருந்தாளாம். மெஸ்ல வேலை பாக்கற பீகார் பசங்க, உன் மணிப்பூர் பொண்ணு, யாரோ ஒரு கல்கத்தா மாமி. ஆயத்துதான் ஓடிப்போய் ஒவ்வொருத்தர்கிட்டயா சொல்லியிருக்கா, அவர் போயிட்டார்னு. ஒருத்தரும் நகரலை. எதிர்க் கடைல டீ வாங்கிண்டு வந்து, ஷட்டர்கிட்டயே நின்னு குடிச்சுட்டுப் போயிருக்கா.

— ஒம்போது பேரு.

— கமிட்டில ஒரே சத்தம். ஆத்துக்காரரைப் பறிகொடுத்துட்டு இருக்கறவ காதுல இது விழுந்தா என்ன ஆறதுன்னு. ஆயத்தை நிறுத்தியாச்சு.

— நிறுத்திட்டீங்களா?

— நான்தான் சொன்னேன், இனிமே வராதேன்னு.

— அவ இன்னா சொன்னா?

— தலையைக் குனிஞ்சுண்டு 'சாரி மாமி'ன்னா, அவ்வளவுதான். ஹெட்ஃபோனைக் கழட்டி மேஜைல வெச்சுட்டுப் போயிட்டா.

— எம் பேரு எடுக்கலியா?

— உன் பேரை எதுக்கு எடுக்கறா?

— இல்ல, சும்மா கேட்டேன். கான்பூர்லேந்து படிக்க வந்த பொண்ணு மாமி. மொத மாசம் ஹாஸ்டல் ரூம வுட்டு வெளிய வரவே பயந்துக்கினு இருந்துச்சாம். எங்க பேச்சக் கேட்டு தமிழ் கத்துக்கினு, நேரா உங்க ஸ்டேஷன்ல வந்து நின்னுச்சு. அந்த ஸ்டேஷன வுட்டா இந்த ஊர்ல அதுக்கு யாரு கீறா?

— எனக்கு மட்டும் மனசு கேக்கறதா? ஆனா உனக்கு ஒரு நியாயம் வேண்டாமா? நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கறவ, வாசப்படி தாண்ட முடியாது. அதான் நானே வந்தேன். 'அது தவறுதலா வந்துடுத்து, நேயர்கள் மன்னிக்கணும்'னு ஒரே ஒரு வரி சொல்லிடு. நாளைக்குப் பதினோரு மணிக்குப் போடறோம். உன் குரல்ல வந்தா எல்லாரும் சமாதானம் ஆயிடுவா.

— அப்படிச் சொன்னா ஆயத்து திரும்பி வருமா?

— அதெப்படி? பண்ணின தப்பு தப்புதானே.

— அன்னிக்கு நான் இந்த ஜன்னல்கிட்டதான் நின்னுக்கினு இருந்தேன் மாமி. கீழ் வூட்ல ரேடியோ. எதிர் வூட்ல ரேடியோ. முக்குல இஸ்திரி வண்டில வேற.

— ராமா! காதைப் பொத்திக்க மாட்டியோ நீ?

— ஃபேனை நிறுத்துறேன். அமுக்குங்க.

— அமுக்கிட்டேன். நிதானமாப் பேசு.

— அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். 'ஊருக்குப் புதுசு' நஸ்ருன்னிசா பேசுறேன். போன வாரம் ஆயத்து எதையும் மாத்திப் போடல. அந்தப் பழைய பேச்ச அனுப்புனதே நான்தான். அப்படியே போடு, யாருகிட்டயும் சொல்லாதேன்னு சத்தியமும் வாங்கினேன். எங்க வூட்ல இப்ப அவரு பேர யாரும் எடுக்குறதில்ல. தெருவுல நாலு வூட்ல ஒரே நேரத்துல அவரு பேசுனா எனக்கு அழுகை வருதான்னு பாத்தேன். வர்ல.