அண்டாவில் கவிழ்த்த பன்றி இறைச்சி

என் பெயர் புவாகியோ. வயது 54. கணவர் பெயர் இன்சோன். வட தாய்லாந்து, பயாவ் மாகாணம், பான் நொங் லோம் கிராமத்தில் குடியிருந்து பூண்டு பயிரிட்டு வருகிறேன். பக்கத்து வீட்டுச் சவாயின் காலில் வெந்நீர் பட்டது சம்பந்தமாக விசாரித்ததில் நான் சொல்வதாவது.

போன வருடம் ஒரு சாவு வீட்டில் என் கணவர் மற்ற ஆண்களோடு பச்சைப் பன்றி இறைச்சியைக் கொத்தி, இரத்தம் விட்டுப் பிசைந்து சாப்பிட்டார். பெண்கள் நாங்கள் வேகவைத்துத்தான் தின்போம். அதன் பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்து, கழுத்து கட்டையாகி, நினைவு தப்பியதால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இறைச்சியில் இருந்த கிருமி மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். எப்படியோ பிழைத்துக்கொண்டார். கண் திறந்தவர், "ஏன்டி, எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறீங்க?" என்று கேட்டார். அன்று முதல் அவருக்கு இரண்டு காதும் கேட்காது.

நேற்றுக் காலை சவாய் புது வீடு குடிபுகுந்தார். இறைச்சி கொத்துவதில் கைதேர்ந்தவர் என்று என் கணவரைத்தான் கூப்பிட்டார்கள். கொத்தட்டும், தின்னாமல் மட்டும் பார்த்துக்கொள் என்று சவாயிடம் சொன்னேன். அதற்கு அவர், "சாராயம் உள்ள போனா எந்தப் பூச்சியும் செத்துரும்க்கா. அதுவுமில்லாம, இனிமே போறதுக்கு அண்ணனுக்குக் காது எங்க இருக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னவென்று தெரியாமலே என் கணவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு என் கணவர் கொத்தி முடித்து, உப்புப் பார்க்க ஒரு சிட்டிகை எடுத்து வாயருகே கொண்டுபோனார். "வாயில வைக்காதீங்க!" என்று கத்தினேன். முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள், அவரைத் தவிர. அதன் பிறகு ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டு, இறைச்சிச் சட்டியைத் தூக்கிக் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவில் கவிழ்த்தேன். தெறித்த வெந்நீர் சவாயின் காலில் பட்டது. காலுக்காக வருத்தப்படுகிறேன். இறைச்சிக்காக இல்லை.

அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று நேற்றிலிருந்து என் கணவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்தால்தானே உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்? எனக்கும் கையை ஆட்டி ஆட்டி அலுத்துவிட்டது.

மேலே கண்டது எல்லாம் நடந்தது நடந்தபடி. படித்துக் காட்டினார்கள், காதால் கேட்டேன், சரியாக இருக்கிறது. இதில் எனக்கு ஒரு நகல் வேண்டும். என் கணவர் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

(கையொப்பம்)
புவாகியோ