குளிரில் சிக்கும் துப்பாக்கி

காபியைச் சூடு இருக்கும்போதே குடித்துவிடுங்கள், ஐயா. இந்தக் குளிரில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால், திரும்ப எடுக்கும்போது பச்சைத் தண்ணீர்தான். விமானி இன்னும் ஆற்றுப் பனி மேல் எஞ்சினுக்குப் போர்வை போர்த்திச் சூடேற்றிக்கொண்டிருக்கிறார். அவசரம் ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. விபத்து அறிக்கையை எழுதி மடித்து வைத்துவிட்டு, செத்தவனின் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்து, "இது வாங்குற மாதிரி இருக்கா, ஆர்லன்?" என்றீர்கள். காவல்துறை ஆளாக இருந்தாலும் ஆசை இருக்காதா. இந்த யூக்கான் ஆற்றங்கரையில் அந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்கிற ஆள் நான்தான். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்.

பேர்போன துப்பாக்கிகளோடு பார்த்தால் விலை பாதி. குழலைத் திருகிக் கழற்றினால் இரண்டு துண்டாகி முதுகுப்பைக்குள் அடங்கிவிடும். சின்னத் தோட்டா. விசையை இழுத்ததும் வெடித்து, தோட்டாவின் காலிக் குப்பியைத் தானே துப்பி, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். குறைகளும் உண்டு. சுடச்சுடக் குழலின் திருகு தளரும். அவ்வப்போது கையால் இறுக்காவிட்டால் குறி தப்பும். தோளில் வைக்கும் கட்டை வெறும் பிளாஸ்டிக். கரடிக்கு முன்னால் இதை நீட்டுவதற்குப் பதில் செபம் சொல்லலாம். முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் தாராளமாகப் போதும்.

போன கோடையில் வெண்டல் இதே கேள்வியைக் கேட்டான். என் தங்கை லோரீனின் கணவன். மர்ட்டிலின் கடையில், நாலு பேர் இருக்கும்போது கேட்டான்.

"மச்சான், இத வாங்கலாமா?"

"வெளையாட்டுச் சாமான் மாப்ள. வெயில்ல தகர டப்பாவச் சுட்டுக்கிட்டு இருக்கலாம். குளிர் வந்தா ஒரு தடவ வெடிக்கும், மறு தடவ சிக்கிக்கும். பாத்துக்க."

தலையாட்டினான். தலையாட்டிவிட்டு வாங்கினான்.

இலையுதிர் காலம் முழுக்க அது சிக்கவேயில்லை. உறைபனி தொடங்கின பிறகும் சிக்கவில்லை. காட்டுக்கோழிகளைக் கொத்தாகக் கட்டித் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைவான். "பீரங்கி வாத்தியாரே, கோழி வேணுமா? வெளையாட்டுச் சாமான்ல அடிச்சதுதான், பரவால்லயா?" என்பான். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மர்ட்டில் ஒருநாள், "வாத்தியாருக்கு வயசாயிடுச்சுப்பா, இனிமே வெண்டல்கிட்டதான் கேக்கணும்" என்றாள். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அதற்கப்புறம் இரண்டு பேர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதே மாதிரித் துப்பாக்கியை வரவழைத்தார்கள். என் மூக்கு உடைந்தது ஊருக்கே தெரிந்தது. எனக்கு எரிந்தது. அதை மறைப்பதற்கில்லை.

வெண்டல் நல்லவன். உங்கள் அறிக்கையில் அதை அப்படியே எழுதலாம். கேலி செய்த கோழியில் பாதியை எப்போதும் என் வாசலில் வைத்துவிட்டுத்தான் போவான்.

கடுங்குளிர் இறங்குவதற்கு முன்னால் இந்த ஊரில் எல்லோரும் துப்பாக்கியை என் மேசைக்குக் கொண்டுவருவார்கள். எண்ணெயெல்லாம் போகக் கழுவி, துடைத்து, காய்ந்த எலும்பு மாதிரி ஆக்கித் திருப்பிக் கொடுப்பேன். தெற்கே இருப்பவர்கள் எண்ணெய் போட்டுக் காப்பாற்றுவார்கள். இங்கே எண்ணெயை எடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும். குளிரில் அது மெழுகாக இறுகி, உள்ளே ஓடுகிற இரும்பைப் பிடித்துக்கொள்ளும். வெண்டலும் கொண்டுவந்தான். "மச்சான், உங்க கைபட்டாதான் எனக்கு நிம்மதி" என்றான். கேலியாகச் சொல்லவில்லை.

அவனுடையதையும் கழுவினேன். துடைத்தேன். பிறகு எண்ணெய் போட்டேன். கெட்டியான எண்ணெய், தாராளமாக. சற்று முன் நீங்கள் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டீர்களே, அதுதான். இந்த அறைச் சூட்டில் இளகி வழிகிறது. துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஊர்க்காரர்கள் முன்னால் ஒரே ஒரு தடவை சிக்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் அக்கரையில் கண்ணிகளைப் பார்க்கப் போனான். லோரீன் என் வீட்டில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நட்டநடுப் பகல்தான், ஆனாலும் குளிர்காலச் சூரியன் மரநுனியைத் தாண்டவில்லை. காற்று அசையவில்லை. அப்படிப்பட்ட நாளில் அக்கரையில் ஒருவன் தும்மினாலும் இங்கே கேட்கும்.

ஒரு சத்தம் கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அடுத்தது வரவில்லை. சிக்கிவிட்டது என்று புரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன் ஐயா, மகிழ்ந்தேன். மறுநாள் கடையில் என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் வாக்கியம்கூட அமைத்தேன்.

லோரீன் பிசைந்து முடித்து, மாவைத் துணி போட்டு மூடினாள். அப்போது இரண்டாவது கேட்டது. அடுப்புக்கு விறகு வைத்து, பாத்திரம் கழுவி, கையைத் துடைக்கும்போது மூன்றாவது கேட்டது. அவள் துணியைப் பிடித்தபடியே நின்றாள்.

இங்கே ஒரு வெடி என்றால் இறைச்சி. மூன்று வெடி என்றால் ஆபத்து, ஆள் வேண்டும். குழந்தைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் கற்றுக்கொடுக்கிறோம்.

"அண்ணே, மூணாச்சு."

"மூணுன்னா ஒண்ணு மேல ஒண்ணா வரணும். இது இப்ப ஒண்ணு, எப்பவோ ஒண்ணு. முயலத் தொரத்திக்கிட்டு இருக்கான்."

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன். எனக்கு என்னமோ பண்ணுது."

"போய் நின்னா, முயல வெரட்டி விட்டுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். துப்பாக்கி விஷயம் எனக்குத் தெரியாதாம்மா?"

"அதுவும் சரிதான். உனக்குத் தெரியாததா" என்று உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவர் என்னிடம் கேட்டு, நான் சொன்னதை நம்பியது மனதுக்கு இதமாக இருந்தது.

பனிவண்டி கரைச்சரிவில் கவிழ்ந்து அவன் தொடை மேல் கிடந்தது. நீங்களும் பார்த்தீர்கள். வலது கையில் கையுறை இல்லாததற்கு, குளிரில் புத்தி பேதலித்துக் கழற்றியிருப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவனுக்குப் புத்தி கடைசிவரை தெளிவாக இருந்தது. பைக்குள்ளிருந்து இரண்டு துண்டையும் எடுத்து, படுத்த வாக்கிலேயே மாட்டியிருக்கிறான். முதல் வெடிக்குப் பிறகு காலிக் குப்பி உள்ளேயே நின்றுவிட்டது. உறை போட்ட விரலால் அதைத் தோண்ட முடியாது. வெறும் விரலால், அந்தக் குளிரில் இரும்பைத் தொட்டு, தோல் ஒட்டிக்கொள்ளத் தோண்டியிருக்கிறான். இரண்டாவதற்கும் அதையே செய்திருக்கிறான். இவ்வளவையும் நான் மூன்றாவது சத்தத்தின்போதே, இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அறிந்துகொண்டேன். வேறு எவனுக்கும் அது புரிந்திருக்காது.

கொல்ல வேண்டும் என்று எண்ணெய் போடவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் மூன்றாவதற்குப் பிறகு என்ன என்று கேட்டால், என் பனிவண்டி வாசலில் நின்றது. சாவி சட்டைப்பையில் இருந்தது. ஆற்றைக் கடப்பதற்குள் ஒரு சிகரெட்கூட எரிந்து முடியாது. போனால் அவன் பிழைப்பான். பிழைத்தால் எண்ணெயைப் பற்றிக் கடையில் பேசுவான். ரொட்டி வேகும்வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டு துண்டு தின்றேன். மறுநாள் தேடப் போனவர்களுக்கு வழிகாட்டியதும் நான்தான்.

லோரீன் அவனுடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். மூன்று சத்தம் கேட்டும் போகாமல் விட்டது தன் தப்பு என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். அது அவள் தப்பில்லை என்று நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாங்குங்கள். எண்ணெய் இல்லாமல் வைத்திருந்தால் காலத்துக்கும் உழைக்கும். கைவிலங்கு தேவையில்லை, நானே வந்து விமானத்தில் ஏறுகிறேன். போகும் வழியில் மர்ட்டிலின் கடையில் மட்டும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அது குளிரில் சிக்கும் என்று முதலில் சொன்னவன் நான்தான் என்பதை, அங்கே இருப்பவர்களிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.