ஓம் டொக்டர்

– வயர் சரி, பற்றறி சரி, கரண்ட் போற அளவும் சரி. பிறகு எப்படி ஐயா, வீட்டுக்குப் போனதும் உங்கட பேச்சு மட்டும் குழையுது?

– ஓம் டொக்டர்.

– நான் கேள்வி கேட்டேன், ஐயா.

– ஓம்.

– டொக்டர் நஸ்லியா, உவரைக் கேளாதேங்கோ. பெஞ்சாதி நான் இருக்கிறன், என்னைக் கேளுங்கோ.

– சொல்லுங்க ஜெயகௌரி அம்மா. வீட்டுல எப்படிப் பேசுறார்?

– பேசுறது நான். அவர் கதைக்கிறதுதான் ஒண்டும் விளங்கேல்லை.

– ஓ... இங்க பேசுறதெண்டா ஏசுறது. புத்தளத்துல வளர்ந்த எனக்கு அது மறந்து மறந்து போகுது. சரி, எப்படிக் கதைக்கிறார்?

– நேற்றுச் சோத்துக்கு விடச் சொதி கேட்டிருக்கிறார். நான் சோப்பைக் கொண்டுபோய்க் குடுத்தன்.

– அவ வேணுமெண்டு குடுத்தவ, டொக்டர்.

– பாருங்கோ, உது எவ்வளவு வடிவா வருது! இஞ்சாருங்கோ, சிரிக்கிற விசயமே? திங்கட்கிழமை மினிபஸ் சங்கம் இவரைச் சோதிக்கப் போகுது, டொக்டர். இருபத்திரண்டு வருசமா பஸ் நிலையத்திலை மைக்கிலை ஊர்ப்பெயர் கூப்பிட்ட மனிசன். இவரால ஏலாட்டி, கொம்பியூட்டர்க் குரல் ஒண்டைப் போடப்போகினமாம்.

– அது இணுவிலை இனுவில் எண்டுது, டொக்டர்.

– பார்க்கின்சன் வந்து கை நடுங்கினபோது வராத கவலை, இவருக்கு உந்தக் குரலாலை வந்திருக்கு.

– நடுக்கம் நல்லாக் குறைஞ்சிருக்கு அம்மா, அதுதான் எனக்குப் பிடிபடல. கொழும்புல மூளைக்குள்ள கம்பி வச்சு அஞ்சு மாசம். நாலு தடவை இங்க வந்தீங்க. நெஞ்சுல இருக்கிற பெட்டியில இருந்து போற கரண்டை ஒவ்வொரு படியாக் கூட்டினேன். ஒவ்வொரு படியிலயும் நல்லமா எண்டு கேட்டேன். ஓம் எண்டார். பேச்சும் கண்ணாடி மாதிரி இருந்திச்சு.

– என்ன பேச்சு? ஓமைத் தவிர உவர் இஞ்சை வேற என்ன கதைச்சவர்?

– என்ன சொன்னீங்க?

– ஓம், ஓம், ஓம். கோயில் மணி மாதிரி.

– அம்மா, ஒரு நிமிசம். நீங்க ஓம் எண்டு சொல்லிப் பாருங்க. நாக்கு என்ன செய்யுது?

– ஓம்... ஓம்... ஒண்டும் செய்யேல்லை. சும்மா கிடக்கு.

– உதடு மட்டும் மூடுது, இல்லயா? இப்ப தெல்லிப்பழை சொல்லுங்க.

– தெல்லிப்பழை. அட, நாக்கு மேலை போய், கீழை வந்து, பிறகு வளைஞ்செல்லோ போகுது!

– யா அல்லாஹ். அஞ்சு மாசமா நான் இவர்ட நாக்கைச் சோதிக்கவே இல்ல. ஐயா, பேச்சுக் குழையுது எண்டு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

– நீங்கள் மினக்கெட்டுச் செய்யேக்கை குறை பிடிக்கிறது மரியாதையோ, டொக்டர்? ஓமெண்டா, கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டுதான்.

– நான் அதை நல்லம் எண்டு எழுதி, அடுத்த படிக்குக் கூட்டிட்டேன்! சரி. பஸ் நிலையத்துல நிக்கிறதா நினைச்சுக் கூப்பிடுங்க.

– தட்டாதெரு, கொக்குவில், தாவடி, இணுவில், மருதனாமம், சு...னாகம், மயாகம், தெய்ப்பயை...

– பஸ் மருதனார்மடத்திலை குடைசாஞ்சிட்டுது.

– எந்த இடத்துல சாயுது எண்டு தெரிஞ்சிட்டுது, அதுதான் நமக்கு வேணும். இந்தத் திரையைப் பாருங்க. இது வலக்கைக்கான கம்பி, இது அதின்ட நுனி. இந்த வளையத்துல மூணு துண்டு இருக்கு. நான் மூணுலயும் கரண்ட் விட்டிருந்தேன், எல்லாப் பக்கமும் பரவியிருக்கு. நடுக்கத்தை அடக்குற இடம் உள்பக்கம். வெளிப்பக்கத்துல, நாக்கை ஆட்டுவிக்கிற நரம்புக் கட்டு போகுது.

– அப்ப பக்கத்துப் பாத்திக்குத் தண்ணி பாயுது.

– எப்படி?

– எங்கடை உரும்பிராயிலை வெங்காயத்துக்குத் தண்ணி மாறேக்கை கவனமில்லாட்டி, பக்கத்துப் பாத்தியிலை நிக்கிற மிளகாய்க்கண்டு அழுகும். தண்ணியைக் கூட்டக் கூட்ட அழுகல் கூடும்.

– அதேதான் அம்மா! நீங்க என்ன செய்வீங்க?

– ஒரு கொத்து மண் போட்டு அந்தப் பக்கத்தை மறிப்பன்.

– நான் விரலால ஒரு தொடுகை. வெளிப்பக்கத் துண்டை மூடிட்டேன். இனி ரெண்டு துண்டுலதானே முழுக் கரண்டும் போகும், அதால கொஞ்சம் குறைச்சும் விட்டிருக்கேன். ஐயா, கூப்பிடுங்க.

– தட்டாதெரு, கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, காங்கேசன்துறை!

– என்ரை ஐயோ! வெளியிலை இருக்கிற சனம் பஸ் வந்திட்டுதெண்டு எழும்பப் போகுது.

– இப்ப நல்லமா, ஐயா?

– இல்லை.

– என்ன?

– இல்லை, டொக்டர். கதை வடிவா வருது. ஆனா கை ஆடுது, பாருங்கோ. உந்தக் கையாலை மைக்கைப் பிடிச்சா பல்லுத்தான் போகும்.

– அல்ஹம்துலில்லாஹ்!

– கை ஆடுதெண்டுறார், நீங்கள் சந்தோசப்படுறியள்?

– அஞ்சு மாசத்துல இவர் எனக்குச் செய்த முதல் உதவி இது, அம்மா. இப்பதான் எவ்வளவு கூட்டணும் எண்டு தேட முடியும். நான் கூட்டுறேனா குறைக்கிறேனா எண்டு சொல்லமாட்டேன். ஐயா நிப்பாட்டாமக் கூப்பிடணும். அம்மா, நீங்க கையைப் பாக்க வேணாம், கண்ணை மூடிட்டு நாக்கைக் கேளுங்க. நான் கையைப் பாக்கிறேன்.

– தட்டாதெரு, கொக்குவில், தாவடி...

– கை இன்னும் ஆடுது. போங்க, போங்க.

– மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, காங்கேசன்துறை. தட்டாதெரு, கொக்குவில்...

– கை நிண்டுட்டுது. இன்னும் ஒரு படி போய்ப் பாப்பம்.

– இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பயை...

– நிப்பாட்டுங்கோ! ழ போயிட்டுது!

– கேட்டிச்சு அம்மா. ஒரு படி இறக்கியாச்சு. ஐயா, திரும்பவும்.

– மல்லாகம், தெல்லிப்பழை, காங்கேசன்துறை! காங்கேசன்துறை, காங்கேசன்துறை, ஏறுங்கோ ஏறுங்கோ, உள்ளுக்குப் போங்கோ, அக்கா, பையை மடியிலை வையுங்கோ...

– போதும் மனிசா, கிளினிக்கிலை ஆரை ஏத்துறியள்?

– கையை நீட்டுங்க ஐயா. விரலை விரிச்சு. பாருங்க அம்மா, அசையல.

– டொக்டர், அடுத்தமுறை உங்களுக்குப் பதிலா வேற ஆரும் இருந்து, திரும்ப உவர் ஓம் ஓமெண்டு தொடங்கினா?

– அதைத்தான் இப்ப எழுதுறேன், கேளுங்க. வெளிப்பக்கத் துண்டு மூடியே இருக்கணும். மத்த ரெண்டுலயும், தெல்லிப்பழை குழையுற அளவுக்கு ஒரு படி கீழ கரண்ட். யார் மாத்தினாலும், நல்லமா எண்டு கேக்க வேணாம். ஒவ்வொரு படிக்கும் தட்டாதெருவில இருந்து காங்கேசன்துறை வரைக்கும் கூப்பிடச் சொல்லிட்டு, கையைப் பாருங்க.