எங்கள் தோட்டத்து இலை

சத்தியமங்கலம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஒரே ஆய்வகத்துக்காரர்கள்.

"நெசத்தைச் சொன்ன கம்ப்யூட்டரை, ஒரு வருசமாப் பொய் சொல்லப் பழக்கிப்போட்டேனுங்கக்கா" என்றாள் சின்னவள்.

"என்ன கண்ணு சொல்றே?"

"தென்னை இலையோட ஜீனைப் பாத்து, வாடல் நோயை முன்னாலயே கண்டுபிடிக்கத்தானுங்க அதைப் பழக்குனேன். நோயில்லாத மரத்துக்கு மாதிரியா எங்க தோட்டத்து மரத்து இலையைக் குடுத்தேன். அதையும் நோயின்னே சொல்லுச்சு. புரோகிராம் தப்புன்னு நெனச்சு, நல்ல மரமுன்னு சொல்ற வரைக்கும் திருத்துனேன்."

"இப்ப?"

"போன வாரம் அந்த மரத்து மட்டையெல்லாம் வாடித் தொங்கிப்போச்சுங்க."

"கம்ப்யூட்டர் முன்னாலயே சொன்னதை உங்கப்பாகிட்டச் சொன்னியா?"



"எப்படிங்க சொல்றது? எம்புள்ள பாத்து நல்லதுன்னு சொன்ன மரமுன்னு, ஊர் பூரா அதோட தென்னங்கன்னு குடுத்துப்போட்டாருங்க."